அப்பாவின் வலது கால்

அன்புவழிபுரம்,
திருகோணமலை.
8.9.1974

கொழும்புத் துரையாகிவிட்ட என் அண்ணா டொமினிக்குக்கு,

அம்மா சுகம். அப்பா அரைச் சுகம். நான் அளவுக்கு மிஞ்சின சுகம் என்று அம்மா சொல்லுறா. மாமரத்துக்குக் கீழே நிற்கிற எங்கள் ஒஸ்ரின் கார் மட்டும் படு அசுகம். உங்கள் சுகத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். ஜூன் கடைசியில் ரயில் ஏறினீர்கள். வந்தது ஒரே ஒரு கடிதம். கார்ச் சாமான் கடைகள் நிறைந்த உங்கள் பஞ்சிகாவத்தையில் பேனை விற்பதில்லையா?

அவசரமான விஷயம் இது. அப்பா காரை விற்கப் போகிறார். ஓடுகிற காராக இல்லை, நிறுத்து விற்கிற இரும்பாக. பழைய இரும்பு வாங்குகிற தங்கரத்தினம் போன கிழமை வந்து, மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரிக் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். லொறி கிடைப்பது பிந்துமாம், டிசம்பர் 23 வந்துதான் ஏற்றுவாராம்.

ஜூலையில் நடந்ததை அம்மா உங்களுக்கு ஒரு வரியில்தான் எழுதியிருப்பா. முழுக் கதையைக் கேளுங்கள். அப்பா உவர்மலையில் ஆளை இறக்கிவிட்டு வெறுங் காரோடு இறங்கி வந்திருக்கிறார். இறக்கம் முடிந்தும் கார் நிற்கவில்லை. றோட்டைக் கடந்து, முஹம்மது தம்பி நானாவின் தேத்தண்ணிக் கடைக்குள் புகுந்துதான் நின்றது. நானாவுக்குக் கை முறிந்தது. அவர் பொலிசுக்குப் போகவில்லை. அப்பாவே கூடின சனத்துக்கெல்லாம் சொல்லிவிட்டார்: "பிரேக்கை மிதிச்சனான் எண்டுதான் நினைச்சன். கால் சொல்வழி கேக்கேல்லை. விறைச்சுப் போச்சு."

அவர் அப்படிச் சொன்னதால் ஒருவரும் காரைப் பார்க்கவில்லை. எல்லாரும் அப்பாவின் வலது காலைத்தான் பார்த்தார்கள். அன்றிலிருந்து அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. செவ்வாயும் சனியும் பரியாரியாரிடம் போகிறார். இரண்டு நேரமும் அம்மா எண்ணெய் தேய்க்கிறா. இருபது வருஷம் வாடகைக்கு ஹயர் கார் ஓடின மனிசன் இப்போது கூட்டுறவுக் கடையில் கூப்பன் கிழிக்கிறார்.

காரை விற்க அப்பாவுக்கு முக்கால் மனம். மிச்சக் கால்தான் நோகுதாம். (இதைச் சொன்னபோது அம்மா சிரிக்கவில்லை. நீங்களாவது சிரியுங்கள்.)

என் திட்டம் சின்னது. காரை நான் ஸ்டார்ட் பண்ணப் போகிறேன். அந்தச் சத்தத்தைக் கேட்டால் அப்பாவுக்குக் கை துடிக்கும். நீங்கள் காருக்குக் கீழே படுத்துக் கிடந்த காலமெல்லாம் ஸ்பானர் எடுத்துத் தந்தது யார்? நான்தான். ஃபான் பெல்ட் காய்ந்த பயற்றங்காய் மாதிரி வெடித்துப் போயிற்று. எண்ணெய் கறுத்து, கட்டித் தார் மாதிரி இருக்கிறது. இங்கே கடைகளில் கேட்டால் "கப்பல்ல வந்தாத்தானே" என்கிறார்கள். துறைமுகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்படி ஒரு பதில்!

எதை வாங்க வேண்டும், எப்படிப் பார்த்து எடுக்க வேண்டும் என்று உடனே எழுதுங்கள்.

பாணுக்கு வரிசையில் நின்றுகொண்டே இதை எழுதி முடிக்கும் தங்கை,
மக்டலின்


கொழும்பு 10.
18.9.1974

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். கடையில் வேலை கூட. பேனை இருக்கிறது, நேரம்தான் இல்லை. அப்பாவுக்குக் கால் இன்னும் விறைக்கிறதா? பரியாரியார் என்ன சொல்கிறார்? அதை விவரமாக எழுது.

என்னைக் கேட்டால் காரைக் கொடுத்துவிடுவதுதான் நல்லது. பழசு. இனி அதில் ஆசை வைத்து வேலையில்லை.

ஆனால் நீ விடமாட்டாய் என்று தெரியும். எனவே கேள். பெல்ட்டை நம்பர் பார்த்து எடுக்க இப்போது வழியில்லை, அளவு பார்த்துத்தான் எடுக்க வேண்டும். டைனமோவைத் தளர்த்தி எஞ்சின் பக்கம் தள்ளு. பிறகு மூன்று கப்பியையும் சுற்றி ஒரு பருத்தி நூலைப் பிடித்து, முட்டுகிற இடத்தில் வெட்டி அனுப்பு. நூலை இழுக்காதே. பெல்ட்டுக்கு நீளம் மட்டும் போதாது, அகலமும் சரிவும் சரியாக இருக்க வேண்டும். அதற்குக் கப்பியின் பள்ளத்தில் சவர்க்காரத் துண்டு ஒன்றை அழுத்தி, அச்சை எடுத்து அனுப்பு.

எஞ்சினுக்கு முப்பதாம் நம்பர் எண்ணெய் போதும். கியர்பொக்சும் அதையே குடிக்கும். பின் அச்சுக்கு மட்டும் தடித்த தொண்ணூறு. ஒன்றை ஒன்றுக்கு மாற்றி ஊற்றிவிடாதே. றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், உங்கள் பக்கம் உவர். மழைத் தண்ணீர் பிடித்து வை.

அம்மாவின் சமையலை நினைத்தபடி,
டொமினிக்


அன்புவழிபுரம்.
29.9.1974

பஞ்சிகாவத்தைப் பேராசிரியர் அண்ணாவுக்கு,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், ஒரு சவர்க்காரத்தைத் தவிர. வரிசையில் நின்று வாங்கின முழுக்கட்டி. அதை நான் கப்பிக்குள் அழுத்தியதைக் கண்டு அம்மா குசினிக்குள் இருந்து அகப்பையோடு வந்தா. "கார் குளிக்கப் போகுதோடி?" என்று கேட்டா. "ஓம் அம்மா, ஞாயிறு பூசைக்கு" என்றேன். அகப்பை முதுகில் இறங்கியது. அச்சு இத்தோடு வருகிறது. கறுப்பாக ஒட்டியிருப்பது கிறீஸ், அழுக்கில்லை. நூலும் இருக்கிறது. நான் இழுக்கவில்லை, பொறுமையைத்தான் இழுத்துப் பிடித்தேன்.

தங்கரத்தினம் ஒரு ஆளோடு திரும்ப வந்தார், ரயரைக் கழற்றிப் பார்க்க. முதல் நாளே வருவதாகச் சொல்லியிருந்தார், அது அவர் செய்த பிழை. வேலிக்குள் கிடந்த, சாரைப்பாம்பு உரித்துப் போட்ட செட்டை ஒன்றை எடுத்து, டிக்கிக்குள் வடிவாகச் சுருட்டி வைத்தேன். டிக்கியைத் திறந்தார். பிறகு அவரைப் பார்த்தது வீதி முனையில்தான். அவர் ஓடின ஓட்டத்துக்கு எங்கள் ஒஸ்ரின் கிட்ட நிற்காது.

அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது. அடிக்கவில்லை. "உன்ர வாயால வந்தா ஞாயிற்றுக்கிழமையும் திங்கள்தான்" என்று மட்டும் சொன்னார். இப்போது நான் மழை வருகிறது என்றால்கூட அவர் வெளியே வந்து பார்த்துவிட்டுத்தான் கொடியில் கிடக்கிற சாரத்தை எடுக்கிறார்.

காலைப் பற்றிக் கேட்டீர்கள். நடக்கிறார், படியேறுகிறார், சைக்கிள் மிதிக்கிறார். பரியாரியார் நரம்பென்கிறார். அவருக்கு எல்லாமே நரம்புதான்.

எண்ணெய் ஃபில்டரும் ஒன்று வேண்டும், மறக்க வேண்டாம்.

முதுகு தடவியபடி,
மக்டலின்


கொழும்பு 10.
11.10.1974

தங்கச்சிக்கு,

உன் கடிதம் சவர்க்கார வாசத்தோடு வந்தது. அறையில் இருக்கிற பொடியன்கள் காதல் கடிதம் என்று பறித்துவிட்டார்கள். நான் சுகம்.

தபால் ரயில் கார்ட்டிடம் ஒரு பொதியும் எண்ணெய் டின்னும் கொடுத்திருக்கிறேன், கடிதம் கண்டதும் ஸ்டேசனில் எடு. இரண்டு பெல்ட் நூலுக்குச் சரியாக வந்தன. ஒன்று பளபளப்பு, மற்றது மங்கல். மங்கலைத்தான் எடுத்தேன். பளபளப்பைப் பின்பக்கமாக வளைத்துப் பார்த்தபோது உட்புறம் முழுக்க மயிரிழை வெடிப்பு. கறுப்புப் பொலிஷ் பூசி வைத்திருக்கிறார்கள். பூட்டின பிறகு கப்பிகளுக்கு நடுவில் பெருவிரலால் அழுத்து. அரை அங்குலம் தாழ வேண்டும். கூட இறுக்கினால் டைனமோவின் பெயாரிங் போகும்.

எண்ணெய் ஃபில்டர் ஒஸ்ரினுக்கு உரியது கிடைக்கவில்லை. லொறி ஒன்றின் ஃபில்டரை வைத்திருக்கிறேன். உயரம் சரி, அடி வளையம்தான் பெரிது. பழையதில் இருக்கிற ஃபெல்ட் வளையத்தை மண்ணெண்ணெயில் கழுவி அதையே போடு. வளையம் இல்லாமல் பூட்டினால் எண்ணெய் வடிபடாமல் பக்கத்தால் போய்விடும். ஃபில்டர் இருந்தும் இல்லாத கணக்கு. காற்று ஃபில்டருக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். கிண்ணத்தைக் கழுவிக் கோடு மட்டும் எண்ணெய் விடு.

முஹம்மது தம்பி நானாவுக்குக் கை சரியாகிவிட்டதா? கேட்டதாகச் சொல்லாதே. சும்மா எனக்கு எழுது.

அனைவரின் சுகத்தையும் வேண்டும்,
டொமினிக்


அன்புவழிபுரம்.
20.10.1974

என் தங்க அண்ணாவுக்கு,

ஸ்டார்ட்!!!

இதுதான் கடிதம். மற்றதெல்லாம் பின்குறிப்பு.

வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லாம் பூட்டி முடித்தேன். பக்கத்து வீட்டுப் பற்றரியைக் கேட்காமல் இரவல் எடுத்தேன். நாலாந்தரம் ஒரு இருமல், ஐந்தாந்தரம் ஒரு தும்மல், பிறகு வெள்ளைப் புகை. கோழி மூன்றும் கூரையில். அம்மா "யேசுவே" என்று ஓடி வந்தா. நான் முகமெல்லாம் எண்ணெயோடு அவவைக் கட்டிப் பிடித்தேன். இனிமேல் சவர்க்காரம் கிடைக்கும்வரை அந்தச் சட்டை அப்படித்தான்.

அப்பா கூப்பன் கடையால் வந்து சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கிட்ட வந்து பொனெற்றில் உள்ளங்கையை வைத்தார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறுங்கோ அப்பா, கோயிலடி மட்டும்" என்றேன்.

"நல்லா ஓடுது" என்றார். "அப்ப ஏறுங்கோவன்." "காரில பிழையில்லைப் பிள்ளை. பிழை கால்ல. இண்டைக்குத் தேத்தண்ணிக் கடை. நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்ட நேரமெண்டால்?" சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் சாவியைத் திருப்பி எஞ்சினை நிற்பாட்டினேன். கோழிகள் மட்டும் இறங்கவில்லை.

அப்படியென்றால் எஞ்சின் ஓடினாலும் இரும்புதான் அண்ணா. நான் இவ்வளவும் செய்தது தங்கரத்தினம் தள்ளாமல் ஓட்டிக்கொண்டு போகவா?

முஹம்மது தம்பி நானாவின் கை சரி. நீங்கள் கேட்டதாகச் சொல்லவில்லை, ஆனால் ஏன் சொல்லக்கூடாது என்று விளங்கவில்லை. அவர் சொன்னது: "வாப்பாட்ட சொல்லு புள்ள, காரை விக்க வேணாமெண்டு. என்ட கைய முறிச்ச கார் இரும்புக்குப் போனா எனக்கென்ன மரியாதை?"

மிச்சம் இருப்பது பிரேக் ஒயில் மட்டும்தான். அதையும் புதுசாக மாற்றிவிட்டால் ஒரு குறையும் இருக்காது. ஒரு போத்தல் அனுப்புங்கள். எந்த வகை என்று எழுதுங்கள்.

எண்ணெய் மாற்றிவிட்டு எண்ணம் மாற்ற வழி தேடும்,
மக்டலின்


கொழும்பு 10.
31.10.1974

தங்கச்சிக்கு,

சுகம். உன் கடிதம் கிடைத்தது. கெட்டிக்காரி.

பிரேக் பக்கம் கை வைக்காதே. அது உன் வேலை இல்லை. பிரேக் ஒயில் இங்கேயும் இல்லை. அப்பாவுக்கு ஓட விருப்பமில்லை என்றால் விடு. காரை எடுத்துக்கொண்டு போகட்டும்.

அவசரத்தில் எழுதுகிறேன்.
டொமினிக்


அன்புவழிபுரம்.
5.11.1974

அண்ணாவுக்கு,

சுகம் விசாரிக்க மறந்துவிட்டீர்கள், அப்பாவின் காலைக்கூடக் கேட்கவில்லை. ஆகவே நானும் சொல்லவில்லை.

கை வைக்காதே என்று எனக்கு எழுதினால் நான் என்ன செய்வேன் என்று பதினேழு வருஷமாகத் தெரிந்த ஆள் நீங்கள். கை வைத்தேன்.

காலடிப் பலகையைக் கழற்றி மாஸ்டர் சிலிண்டரை எடுத்தேன். ஒரு முழு நாள். இரண்டு நகம். உள்ளே இருக்கிற ரப்பர் கப் வெளியே வரவே மாட்டேன் என்றது. இழுத்து எடுத்தால், அது கப்பே இல்லை. தண்ணீரில் ஊறின பலாக்கொட்டை மாதிரி வீங்கி, விளிம்பு மடங்கி, நசித்தால் கையில் கறுப்பாக ஒட்டுகிறது. முன் சில்லையும் கழற்றிப் பார்த்தேன், அங்கேயும் அப்படித்தான். பெடலை மிதித்தால் முதலில் கல்லு மாதிரி நிற்கிறது, பிறகு சும்மா உள்ளே போகிறது.

ரப்பர் ஏன் இப்படி வீங்கும்? நீங்கள் அங்கே தினமும் இதைத்தானே பார்க்கிறீர்கள்?

அண்ணா, எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எந்தக் கால் மிதித்திருந்தாலும் அந்தக் கார் அன்றைக்கு நின்றிருக்காது. பயில்வான் ஏறி நின்று மிதித்திருந்தாலும் தேத்தண்ணிக் கடைதான். அப்பாவின் கால் நல்ல கால்!

இதை அவரிடம் சொல்லப் போகிறேன். நீங்கள் ரப்பர் கப் ஒரு செட் தேடி எடுங்கள், பதில் உடனே போடுங்கள்.

கால் நிலத்தில் படாமல் திரியும்,
மக்டலின்


அன்புவழிபுரம்.
25.11.1974

அண்ணாவுக்கு,

இருபது நாள். தபால்காரர் எங்கள் படலையைக் கண்டதும் மணியை அடிக்காமல் தலையை ஆட்டிக்கொண்டு போகப் பழகிவிட்டார். நீங்கள் சுகம்தானே? உங்கள் கடைக்குத் தந்தி அடித்து விசாரிக்கலாமா என்று அம்மா கேட்டா. நான் வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று கடைசியில் எழுதுகிறேன்.

அப்பாவிடம் ரப்பரைக் கொண்டுபோய்க் காட்டினேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இதை எங்க பிடிச்சனி?" என்றார். "பிரேக்குக்குள்ள இருந்து அப்பா. கால்ல பிழையில்லை." "அண்டைக்குப் பாம்புச் செட்டை. இண்டைக்கு ரப்பரோ?" "சத்தியமா அப்பா." "நாலு மாசம் நிண்ட கார். எந்த ரப்பரும் பழுதாகும்." ரப்பரை என் கையில் திருப்பித் தந்துவிட்டு, "நீ எனக்காகத்தான் செய்யிறாய் எண்டு விளங்குது பிள்ளை. ஆனா பொய் சொல்லி என்னை அந்தக் காரில ஏத்தாதை" என்றார்.

நான் இவ்வளவு காலம் அவிழ்த்துவிட்ட அத்தனை புளுகும் வரிசையில் வந்து என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது.

அதனால் ஆதாரம் தேடினேன். சிலிண்டருக்குள் இருந்ததை ஒரு போத்தலில் பிடித்து, துறைமுகத்தில் பாரம் தூக்குகிற வின்ச் இயக்குகிற யோகலிங்கம் அண்ணையிடம் போனேன். எண்ணெய் விஷயத்தில் அவருக்குத் தெரியாததில்லை என்றுதான் போனேன். வேறு எண்ணம் இல்லை. மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். விரலில் தொட்டுத் தேய்த்தார். "இது எங்கட வின்ச் எண்ணெயெல்லே" என்றார். "இது எப்பிடிக் காருக்குள்ள?" என்று நான் கேட்டேன். "ஏன், உன்ர கொண்ணர் டொமினிக்தானே ஜூன் மாசம் போத்திலோட வந்து வாங்கிக்கொண்டு போனவர்."

திரும்பி வரும் வழியெல்லாம் கடல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவர் சொன்னதை வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. நீங்கள் எழுதுங்கள்.

மக்டலின்


கொழும்பு 10.
1.12.1974

என் தங்கச்சி மக்டலினுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவிடம் அதைச் சொல்லு.

ஜூன் நடுப்பகுதியில் பிரேக் பெடல் தாழத் தொடங்கியது. ஊரில் பிரேக் ஒயில் எந்தக் கடையிலும் இல்லை. அப்பா, "கொழும்பில எடுப்பிப்பம், அதுவரைக்கும் ஓடாமல் விடுவம்" என்றார். எனக்குப் பொறுமை இல்லை. நான் போவதற்கு முதல் எல்லாவற்றையும் சரி பண்ணிவிட்டுப் போக வேண்டும் என்ற பெருமை. துறைமுகத்தில் யோகலிங்கம் அண்ணை பாறாங்கல் போன்ற பெட்டிகளை வின்ச்சின் நெம்புகோல் ஒன்றை அசைத்தே தூக்கி வைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை பாரத்தை அந்தரத்தில் நிற்பாட்டுகிற எண்ணெய் ஒரு ஒஸ்ரினை நிற்பாட்டாதா என்று நினைத்தேன். அவரிடம் எதற்கென்று சொல்லவில்லை. அப்பாவிடம், பிரேக் ஒயில் கிடைத்துவிட்டது என்று சொன்னேன். அப்பா என் தோளில் தட்டினார்.

இங்கே வந்து நாலாவது கிழமை ஒருவர் தன் வானின் பிரேக் கப்புகளைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு வந்தார். நீ எழுதினாயே, ஊறின பலாக்கொட்டை, அதேதான். முதலாளி ஒன்றை நசித்துப் பார்த்துவிட்டு, "யாரோ எண்ணெய் விட்டிருக்கு. எண்ணெய் இந்த ரப்பரைத் தின்னும், பிரேக் ஒயில் தின்னாது. ஆள் சாகாதது புண்ணியம்" என்றார். அன்று பின்னேரமே எழுத நினைத்தேன். அறைக்குப் போனால் அம்மாவின் கடிதம் வந்து கிடந்தது. அப்பாவுக்குக் கால் விறைத்து விபத்தாம்.

ஒவ்வொரு கிழமையும் எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு கிழமையும் இன்னும் பிந்திப் போயிற்று. முதல் கிழமை சொல்லியிருந்தால் அது ஒரு பிழை. இத்தனை மாதம் கழித்துச் சொன்னால் அதற்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியவில்லை. கார் இரும்பாகப் போனால் எல்லாம் அதோடு போய்விடும் என்று நினைத்தேன். நீ விடவில்லை.

நீதான் அப்பாவிடம் சொல்ல வேண்டும். உனக்குச் சொல்லத் தெரியும். நான் எழுதினால் அவர் முகத்தை நினைத்துப் பார்க்க ஏலாமல் இருக்கிறது.

டொமினிக்


அன்புவழிபுரம்.
6.12.1974

அண்ணாவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். இந்தக் கடிதத்தில் பகிடி இல்லை, தேடாதீர்கள்.

நான் சொல்ல மாட்டேன். சொல்ல விருப்பமில்லாமல் இல்லை. நான் சொன்னால் அது பலிக்காது. போன கடிதத்தில் எழுதினேனே, ரப்பரையே கையில் கொடுத்தும் நம்பவில்லை. இப்போது போய் "அண்ணாதான் எண்ணெய் விட்டவர்" என்றால், தன்னைக் காரில் ஏற்ற அண்ணாவின் தலையிலேயே பழியைப் போடுகிறாள் என்பார். உங்கள் கையெழுத்தை மட்டும்தான் அவர் நம்புவார். நீங்கள் இந்த வீட்டில் பொய் சொல்லாத பிள்ளை.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். குசினிக்குப் பின்னால் சுவரோடு ஒரு செங்கல் சரித்து வைத்திருக்கிறது. நான் அதை யாரோ போட்ட கல் என்று நினைத்திருந்தேன். போன கிழமை விடியப்புறம் கிணற்றடிக்குப் போனேன். அப்பா ஒரு பலகையில் குந்தியிருந்து அந்தக் கல்லை வலது காலால் மிதிக்கிறார். மிதிக்கிறார், எடுக்கிறார். திடீரென்று மிதிக்கிறார். பிறகு தொடையைக் கையால் தட்டிப் பார்க்கிறார். என்னைக் காணவில்லை. அம்மாவிடம் கேட்டேன். "ஜூலை தொட்டு ஒவ்வொரு நாளும்" என்றா.

ஐந்து மாதமாக எங்கள் வீட்டில் எண்ணெய் தேய்க்கிறது தப்பான இடத்தில்.

23ஆம் திகதி லொறி வருகிறது. இன்னும் பதினேழு நாள். கடிதம் வர மூன்று நாள் பிடிக்கும். அப்பாவின் பேருக்கு எழுதுங்கள். என் பேருக்கு இனி வேண்டாம்.

மக்டலின்


அன்புவழிபுரம்.
15.12.1974

அண்ணாவுக்கு,

அம்மா அழுது முடிந்து இப்போது சுகம். நான் சுகமா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை.

வியாழக்கிழமை உங்கள் கடிதம் வந்தது. மேலே "திரு. பஸ்தியாம்பிள்ளை அவர்கள்" என்று கண்டதும் அப்பா, "இவன் எனக்கு எழுதிறானோ?" என்று சிரித்துக்கொண்டு உடைத்தார். நான் மாமரத்துக்குப் பின்னால் நின்றேன். மூன்று தரம் வாசித்தார். மூன்றாந்தரம் வாசிக்கும்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டார், அப்போது அவருக்கு எழுத்துத் தெரிந்திருக்காது.

பிறகு எழும்பிப் போய்க் காருக்குள் ஏறினார். ஜூலைக்குப் பிறகு முதல் தரம். கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி இருந்தார். பிரேக்கை நான் கழற்றி வைத்திருந்ததால் மிதிக்க அங்கே ஒன்றும் இல்லை. அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து கண்ணாடியைத் தட்டினா. "இண்டைக்கு வேண்டாம்" என்றார். "நாளைக்கு?" "நாளைக்கும் வேண்டாம்." அதற்குப் பிறகுதான் கடிதத்தை அம்மாவிடம் நீட்டினார்.

பின்னேரம் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முஹம்மது தம்பி நானாவிடம் நடந்து போனார். நானும் பின்னால் போனேன். நானாவுக்கு முழுதும் வாசித்துக் காட்டினார், ஒரு சொல் விடாமல். நானா கையைத் தடவியபடி கேட்டார். "வின்ச் எண்ணெயா!" என்றார். "அல்லாஹ்வே. அப்ப நான் ஒங்கட கால ஏசினதெல்லாம்?" "நீங்க எப்ப ஏசினீங்கள்?" "மனசுக்குள்ளதான். ஒவ்வொரு நாளும்." இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்பாவுடைய சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

வீட்டுக்கு வரும்போது என்னிடம், "அந்த ரப்பர் உண்மையாக் காரில இருந்து எடுத்ததோ?" என்று கேட்டார். "ஓம் அப்பா." "நான் நம்பேல்லை." "நானும் உங்கட இடத்தில இருந்தா நம்பியிருக்க மாட்டன்." என் தலையில் ஒரு குட்டு விழுந்தது. மெதுவாகத்தான்.

உங்களைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. இரண்டு நாளாகப் பேசவில்லை. இன்று பூசையால் வந்ததும் பேனை கேட்டார். எழுதினதை எனக்குக் காட்டவில்லை, ஒட்டித்தான் தந்தார். நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. என்ன எழுதியிருந்தாலும் வாசியுங்கள்.

மக்டலின்


அன்புவழிபுரம்,
திருகோணமலை.
15.12.1974

மகன் டொமினிக்குக்கு,

நான் சுகம். என் காலும் சுகம்.

உன் கடிதம் கிடைத்தது. எண்ணெய் விட்டது தெரியாமல் செய்த பிழை. உன் வயதில் நானும் அதைவிடப் பெரிய பிழைகள் செய்திருக்கிறேன். அதற்கு உன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

தெரிந்த பிறகு பேசாமல் இருந்தாய். அது வேறு. அந்தக் கோபம் இருக்கிறது. எப்போது போகும் என்று எனக்குச் சொல்ல ஏலாது. நீ தூர இருந்தால் போகாது என்று மட்டும் தெரிகிறது.

தங்கரத்தினத்திடம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நாலு சில்லுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் ரப்பர் கப் எடு. குழாய்கள் முழுவதையும் ஸ்பிரிட்டால் கழுவ வேண்டும், அதற்கும் எடு. பிரேக் ஒயில் இரண்டு போத்தல். கிடைக்கவில்லை என்றால் கிடைக்கும்வரை தேடு. எடுத்ததைக் கார்ட்டிடம் கொடுத்துவிடாதே. நத்தார்ப் பண்டிகைக்கு லீவு கேட்டு நீயே கொண்டு வா. உன் கையால் பூட்டு. மக்டலின் ஸ்பானர் எடுத்துத் தர மாட்டாளாம். நீதான் எடுத்துத் தர வேண்டுமாம். அதை நீங்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

பூட்டி முடிந்ததும் உவர்மலைக்கு ஏறுவோம். வரும்போது நீ எனக்குப் பக்கத்தில் முன் சீட்டில் இருக்க வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை நான் மிதிப்பேன்.

அப்பா,
பஸ்தியாம்பிள்ளை